பூட்டிக் கிடந்த கரையோரம் ஏழு நாள்: கோர்ஃபு முதல் கிராமா வரை

முதல் நாள், சனி. கூவியா துறை, கோர்ஃபு

கிரீஸில் பாய்மரப் படகு வாடகைக்கு எடுக்கிறோம் என்றதும் எல்லோரும் கேட்டது "சாண்டோரினியா?" என்றுதான். இல்லை. கோர்ஃபு தீவின் கிழக்குக் கரையில் நின்றால் எதிரே சுவர் போல மலைகள் தெரிகின்றனவே, அந்தக் கரைக்குப் போகிறோம். அது அல்பேனியா. இங்கே வந்து போகும் படகுகளில் பெரும்பாலானவை தெற்கே பாக்ஸோஸ், லெஃப்காடா என்று திரும்பிவிடுகின்றன. நாங்கள் வடக்கே போகிறோம்.

நாங்கள் நான்கு பேர்: நான், என் கணவர், கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் என் தம்பி, அவன் மனைவி. நான் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். போடன்சே ஏரியில் இரண்டு கோடைக்காலம் பாய்மரம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆனால் ஏரி வேறு, கடல் வேறு. அதனால் கேப்டனோடு சேர்த்தே படகை எடுத்தோம். 41 அடிப் படகு, மூன்று படுக்கையறை, வாரத்துக்கு 2,450 யூரோ. கேப்டனுக்கு நாளொன்றுக்கு 200 யூரோ, அவர் சாப்பாடும் நம் பொறுப்பு.

அல்பேனியாவில் வாடகைப் படகுகள் மிகக் குறைவு. அதனால் கோர்ஃபுவில் எடுத்துக்கொண்டு எல்லை கடப்பதுதான் வழி. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காப்பீடு அல்பேனியக் கடலுக்கும் செல்லும் என்று படகு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் விசா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வட்டத்தில் அல்பேனியா இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா இருந்து, அதை ஏற்கெனவே ஒரு முறை பயன்படுத்தியிருந்தால் அல்பேனியாவுக்குத் தனி விசா கேட்பதில்லை. எனக்கு ஜெர்மன் வசிப்பிட அட்டை போதும். தம்பிக்கு ஒருமுறை நுழையும் விசாதான் முதலில் வந்திருந்தது. அதை மாற்றி வாங்க இரண்டு மாதம் அலைந்தான். ஒருமுறை விசாவில் போனால் கிரீஸுக்குத் திரும்பி வரவே முடியாது.

கேப்டன் ஹிமாராக்காரர். எதிர்க்கரையில் பிறந்தவர். ஐம்பது வயது இருக்கும். வீட்டில் கிரேக்கம், பள்ளியில் அல்பேனியன், எங்களோடு ஆங்கிலம். வந்ததும் முதல் வேலையாகச் சங்கிலிப் பெட்டியைத் திறந்து நங்கூரச் சங்கிலியைக் கடைசிக் கண்ணிவரை பார்த்தார். "வழியில் துறைமுகம் எதுவும் கிடையாது. இதுதான் நமக்குத் துறைமுகம்" என்றார்.

இரண்டாம் நாள், ஞாயிறு. சரண்டா

காலையில் கோர்ஃபு நகரத் துறைமுகத்தில் கிரீஸை விட்டு வெளியேறும் முத்திரை. போலீஸ், துறைமுக அலுவலகம் என்று ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒன்பதரைக்குக் கிளம்பி, காற்றே இல்லாததால் இன்ஜினில்தான் போனோம். சுமார் 15 கடல் மைல். பன்னிரண்டரைக்கு அல்பேனியத் துறைமுக ஊரான சரண்டாவில் கட்டினோம். கடிகாரமோ பதினொன்றரை காட்டியது! தீவுக்கும் அல்பேனியாவுக்கும் இடையிலுள்ள கடற்கால்வாயின் நடுவில் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. கண்ணெதிரே இருக்கும் இரண்டு கரைக்கும் இரண்டு நேரம்.

அல்பேனியக் கடலில் நுழைந்ததும் மஞ்சள் கொடியும் அந்த நாட்டுக் கொடியும் ஏற்ற வேண்டும். சிவப்பில் கறுப்பு இருதலைக் கழுகு. ஏற்றும் வேலையைத் தம்பியிடம் கொடுத்தேன். "அக்கா, இது நம்ம கண்டபேருண்டம் மாதிரியே இருக்கு" என்றான். மஞ்சள் கொடி, இன்னும் குடியேற்றச் சோதனை ஆகவில்லை என்பதற்கு அடையாளம். கரையில் எல்லாவற்றையும் ஏஜென்ட்தான் செய்கிறார். இங்கே வரும் படகுகளுக்கு ஏஜென்ட் வைத்தே ஆக வேண்டும். நாம் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அரை மணியில் முடிந்தது.

வழியில் கேப்டன் ஓர் இடத்தைக் காட்டினார். பார்க்க ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர். 1946 அக்டோபர் 22 அன்று இந்தக் கால்வாயில் சௌமரெஸ், வோலேஜ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கண்ணிவெடியில் சிக்கின. 44 மாலுமிகள் இறந்தார்கள். சர்வதேச நீதிமன்றத்துக்குப் போன முதல் வழக்கு இதுதான். 1949இல் தீர்ப்பு வந்தது. தன் கடலில் வெடி இருப்பது தெரிந்தும் எச்சரிக்காதது அல்பேனியாவின் குற்றம் என்றார்கள் நீதிபதிகள். பிரிட்டன் பிறகு அனுமதி கேட்காமல் நுழைந்து வெடிகளை அகற்றியதும் தவறு என்றார்கள். இரண்டு கடல்களை இணைக்கும் நீரிணையில், யாருக்கும் தீங்கு நினைக்காமல் கடந்து போகும் கப்பலுக்கு வழிவிட வேண்டும் என்பது அந்த வழக்கில்தான் உறுதியானது. இன்று எங்கள் படகும் அந்தத் தண்ணீர் மேல்தான் போனது. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

சரண்டா இப்போது அடுக்குமாடி ஓட்டல்களால் நிரம்பியிருக்கிறது. கோர்ஃபுவிலிருந்து வரும் அதிவேகப் படகுகள் கிளப்பும் அலையில் படகு ராத்திரி பத்து மணிவரை ஆடிக்கொண்டே இருந்தது. தம்பி மனைவிக்குத் தலைசுற்றல். எலுமிச்சையும் மலைத் தேநீரும் கொடுத்ததும் சரியானது. மலைத் தேநீர் இங்கே எல்லாக் கடையிலும் கட்டுக்கட்டாகத் தொங்குகிறது. காய்ந்த தண்டும் பூவுமாக அப்படியே கொதிக்க வைக்கிறார்கள்.

மூன்றாம் நாள், திங்கள். போர்ட்டோ பலெர்மோ

இதை எழுதும்போது செவ்வாய் விடியப்போகிறது. கை எரிகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

பகலில் அருமையான ஓட்டம். சரண்டாவிலிருந்து வடமேற்கே 15 மைல். மலை நேராகக் கடலில் இறங்குகிறது. நடுவில் ஊரோ வயலோ கிடையாது, எப்போதாவது ஒரு கூழாங்கல் கடற்கரை. பன்னிரண்டு மணிக்கு மேல் வடமேற்குக் காற்று எழுந்தது. இங்கே அதை மாயிஸ்த்ரோ என்கிறார்கள். கோடையில் தினமும் மதியம் எழுந்து, பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும் காற்று. எதிர்காற்றுதான். அதனால் கரைப்பக்கம் ஒரு ஓட்டம், கடல்பக்கம் ஒரு ஓட்டம் என்று மாற்றி மாற்றிப் போனோம். சுக்கான் மூன்று மணி நேரம் என் கையில் இருந்தது.

போர்ட்டோ பலெர்மோ மலைகளுக்கு நடுவே மூடிய விரிகுடா. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முனையில் முக்கோண வடிவில் ஒரு கோட்டை. பத்து மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போட்டு ஐம்பது மீட்டர் சங்கிலி விட்டோம். எங்களைத் தவிர இரண்டே படகுகள். தம்பி மனைவி தக்காளி ரசம் வைத்தாள்.

இரவு இரண்டு மணிக்கு நங்கூர அலாரம் அடித்தது. பகல் காற்று கடலிலிருந்து வரும். இந்த ராத்திரிக் காற்று மலையிலிருந்து வந்தது. அடிக்கும், நிற்கும், இன்னொரு பக்கமிருந்து அடிக்கும். கரையில் தெரிந்த ஒற்றை விளக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. நகர்வது நாங்கள்தான். தூக்கி வேறு இடத்தில் போடலாம் என்று கேப்டன் பொத்தானை அழுத்தினார். சங்கிலி சுற்றும் மோட்டார் ஒரு முறை உறுமிவிட்டு நின்றுபோனது. படகை ஒப்படைக்கும்போது சோதித்துக் காட்டினார்கள், அப்போது ஓடியது. பாரம் விழுந்ததும் படுத்துவிட்டது.

கையால்தான் இழுத்தோம். கேப்டன் சுக்கானில். நானும் தம்பியும் படகின் முன்முனையில் உட்கார்ந்து காலை முட்டுக் கொடுத்து ஒரு பிடி இழுத்து, கண்ணியைச் சங்கிலிச் சக்கரத்தின் பல்லில் மாட்டி, மூச்சுவிட்டு, அடுத்த பிடி. என் கணவர் டார்ச் அடித்தபடி மேலே வந்த சங்கிலியைப் பெட்டிக்குள் அடுக்கினார். கடைசிப் பத்து மீட்டர் முழுக்கச் சாம்பல் நிறக் களிமண். ஒவ்வொரு கண்ணியின் நடுவிலும் அடைத்துக்கொண்டிருந்தது. விரலால் தள்ளினால் பொத்தென்று விழும், அழுகிய பாசி வாசனை மேலே வரும். கையுறை போட மறந்தோம். நங்கூரம் தெரிந்தபோது அதன் கொழுவில் ஒரு கூடை அளவு கடற்புல். அதுதான் மண்ணைப் பிடிக்கவிடாமல் வழுக்கியிருக்கிறது. மணல் வெளுப்பாகத் தெரிந்த இடமாகப் பார்த்துத் திரும்பப் போட்டோம். மூன்றரை மணி.

அதற்குமேல் யாருக்கும் தூக்கம் வரவில்லை. நானும் தம்பியும் மேல்தளத்தில் காவல் உட்கார்ந்தோம். கரையிலிருக்கும் அந்த விளக்கு நகர்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. கிழக்கே மலை முகட்டுக்கு மேல், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நட்சத்திரங்கள், ஏறக்குறைய ஒரே பிரகாசம். அப்பா எங்களுக்கு மொட்டைமாடியில் காட்டியது. "உன் நட்சத்திரம்டா" என்றேன். தம்பி புனர்பூசம், மிதுன ராசி. அவன் நிமிர்ந்து பார்த்தான். "விளக்கைப் பாருங்க அக்கா, அது நகருது" என்றான். நகரவில்லை.

நான்காம் நாள், செவ்வாய். ஹிமாரா

காலையில் கோட்டையைப் பார்த்தோம். ஒட்டோமான் காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட அலி பாஷாவின் கோட்டை என்கிறார்கள். உள்ளே இருட்டு, குளிர்ச்சி, பெரிய தூண்கள். மேல்தளத்தில் நின்றால் விரிகுடாவின் வடபக்கம் பாறையில் ஒரு கான்கிரீட் வாய் தெரிகிறது. நீர்மூழ்கிக் கப்பல்களை ஒளித்துவைக்கக் குடைந்த சுரங்கம். கடல் நேராக உள்ளே போய்விடுகிறது. படகோடு அருகில் போகக் கூடாது என்று கேப்டன் சொன்னதால் தூரத்திலிருந்தே பார்த்தோம்.

அல்பேனியாவின் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி என்வர் ஹோஜா 1944 முதல் 1985இல் இறக்கும்வரை ஆண்டார். முதலில் யூகோஸ்லாவியாவோடு முறிவு, 1961இல் சோவியத்தோடு, 1978இல் சீனாவோடு. கடைசியில் நண்பர்களே இல்லாத நாடு. எல்லோரும் படையெடுத்து வருவார்கள் என்ற பயத்தில் நாடு முழுக்க ஒன்றரை லட்சத்துக்கும் மேல் பதுங்குகுழிகள் கட்டினார்கள். கடற்கரையில் நடந்தால் காளான் குடை போல இப்போதும் அவை நிற்கின்றன. யாரும் படையெடுத்து வரவே இல்லை.

ஹிமாரா ஐந்து மைல்தான். அங்கே கேப்டனின் நண்பர் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே உப்புத்தண்ணீர் இறங்கியிருந்தது, மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டுகள் தேய்ந்திருந்தன. துடைத்து, தேய்த்து, மாற்றிப் போட்டார். ஓடியது. கூலி வாங்கவே மாட்டேன் என்றார். கட்டாயப்படுத்திக் கொடுத்தோம்.

மாலை கேப்டன் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். மலைமேல் பழைய ஊர், கல் வீடு, முற்றத்தில் எலுமிச்சை மரம். அவருடைய அம்மா எங்கள் கைகளைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்து தாமே தடவிவிட்டார். ஒரு வார்த்தை பொதுமொழி கிடையாது. இன்னும் கொஞ்சம் சாப்பிடுகிறீர்களா என்று சைகையில் கேட்டார். நாங்கள் தலையை ஆட்டிய ஆட்டலில் ஆமா இல்லையா என்று அவருக்குக் குழப்பம். பழைய தலைமுறைக்கு இங்கே பக்கவாட்டில் ஆட்டினால்தான் ஆமாம். எங்களுக்கு அது சொந்த ஊர் மாதிரி.

சாப்பிட்ட பிறகு கேப்டன் தன் மாமாவைப் பற்றிச் சொன்னார். 1980களின் நடுவில், தெற்கே க்சமில் பக்கம், ராத்திரியில் கோர்ஃபுவுக்கு நீந்தக் கிளம்பியவர். அங்கே கால்வாய் மிகக் குறுகல். கோர்ஃபுவின் விளக்குகள் கண்ணெதிரே எரியும். காவலர்கள் தேடுவிளக்கு அடித்துச் சுடுவார்கள். அப்படி நீந்தியவர்கள் பலர், கரை சேர்ந்தவர்களும் உண்டு. மாமா சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. "நான் வாரா வாரம் அந்தக் கால்வாயைக் கடக்கிறேன்" என்றார் கேப்டன். அம்மா எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். மகன் என்ன பேசுகிறான் என்று மொழி தெரியாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தக் கரையின் அழகை எழுதும் பலர் 'யாரும் தொடாத கரை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தொடவிடாமல் பூட்டி வைத்திருந்தார்கள். அதற்கு ஆட்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள், புதன். கிராமா

இந்தப் பயணமே இந்த ஒரு நாளுக்காகத்தான்.

விடிகாலை ஐந்தரைக்கு ஹிமாராவை விட்டோம். மாயிஸ்த்ரோ எழுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். வலப்பக்கம் செரௌனிய மலைகள். இடி என்ற பொருளில் பழைய கிரேக்கர்கள் வைத்த பெயர். மிக உயர்ந்த சிகரமான சிக்கா 2,000 மீட்டரைத் தாண்டுகிறது, அதுவும் கடலிலிருந்து ஒரே ஏற்றமாக. பலாசே கடற்கரையைக் கடக்கும்போது கேப்டன் சுட்டிக்காட்டினார். கி.மு. 48இல், எதிரித் தளபதி பொம்பேயைத் துரத்திக்கொண்டு வந்த ஜூலியஸ் சீசர் படையோடு இறங்கியது இங்கேதான். குளிர்காலத்தில், எதிரிக் கப்பல்கள் சுற்றும் கடலைக் கடந்து வந்திருக்கிறார்.

பலாசேவுக்கு அப்பால் சாலை இல்லை, ஊர் இல்லை. கராபுருன் தீபகற்பம் தொடங்குகிறது. இதன் கடலும் சசான் தீவின் கடலும் சேர்ந்து 2010இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அல்பேனியாவின் முதல் கடல் பூங்கா. பாறை சுவர் போல நிமிர்ந்து நிற்கிறது. ஒதுங்க ஓரிடம் கிடையாது. மைல் கணக்காக இதையே பார்த்துக்கொண்டு வந்தால்தான் புரிகிறது, புயலில் மாட்டிய மாலுமிக்கு இந்தக் கரை எப்படி இருந்திருக்கும் என்று. எட்டரை மணி சுமாருக்குச் சுவரில் ஒரு வெட்டு தெரிந்தது. உள்ளே திரும்பினோம். அலை நின்றது. சத்தமும் நின்றது.

கிராமா விரிகுடா மிகச் சிறியது. வெள்ளைக் கூழாங்கல் கரை, பச்சைத் தண்ணீர், நடுவில் மொட்டைப் பாறை. பழங்காலத்தில் இது கல் குவாரி. வெட்டியெடுத்த சுண்ணாம்புப் பாறை முகங்கள் பலகை போல நேராக நிற்கின்றன. அந்தப் பலகை முழுக்க எழுத்து. நூற்றுக்கணக்கில். கிரேக்கம், லத்தீன், ஒன்றின்மேல் ஒன்று, சட்டம் போட்டு, சட்டம் இல்லாமல். கிரேக்கத்தில் கிராமா என்றால் எழுத்து.

ரப்பர் படகில் கரைக்குப் போய்ப் பாறை அருகில் நின்றோம். கேப்டன் தொப்பியைக் கழற்றிவிட்டு வாசித்தார். எழுத்து ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம். சில இடத்தில் உளி வழுக்கிய கோடுகூடத் தெரிகிறது. மஞ்சள் பாசி படர்ந்து பாதி மறைந்திருக்கிறது. அவர் விரலைப் பாறையில் படாமல் ஒரு அங்குலம் தள்ளி நகர்த்திக்கொண்டே போனார். ஒரு சொல்லில் நின்றார். எம்னீஸ்தி. அடுத்த சட்டத்திலும் அதே. அதற்கடுத்ததிலும். "நினைத்தார்" என்றார்.

இன்னார் இங்கே, இரட்டைக் கடவுளர் முன், இன்னாரை நினைத்தார். பல கல்வெட்டுகள் இந்தப் பாணிதான். புயலுக்கு ஒதுங்கிய மாலுமிகள், உயிர் பிழைத்ததும், தன் பெயரையும் ஊரில் விட்டுவந்தவர் பெயரையும் சேர்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். சாதாரண மாலுமிகளும் உண்டு, பெரியவர்களும் உண்டு. 1369இல் ரோமுக்குப் போன பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் யோவானின் வருகைகூட இங்கே கல்லில் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே சுவரில் எழுதியிருக்கிறார்கள்.

இரட்டைக் கடவுளர் யார் என்று தம்பி கேட்டான். காஸ்டர், பொல்லக்ஸ் என்றார் கேப்டன். மாலுமிகளைக் காப்பவர்கள். வானத்தில் இரண்டு நட்சத்திரமாக இருப்பவர்கள்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த இரண்டும்தானே புனர்பூசம். திங்கள் இரவு, கை எரிய, படகு நிற்குமா என்று பயந்துகொண்டு நாங்கள் பார்த்ததும் அதே இரண்டுதான்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பா இருந்திருந்தா இங்கே கூட்டிட்டு வந்திருக்கலாம் அக்கா" என்றான். நான் அப்பாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். அவனும் சொன்னான். என் கணவர் சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

ஒரு வேண்டுகோள். பழைய எழுத்துகளுக்கு நடுவே ஸ்ப்ரே பெயின்டிலும் கத்தியிலும் போட்ட புதுப் பெயர்களும் இருக்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். பாறையைத் தொடக்கூடத் தொடாதீர்கள், சுண்ணாம்புக்கல் கை வியர்வையில் தேயும். காவலாளி யாரும் இல்லை, கம்பி வேலியும் இல்லை. வருகிறவர்களின் மரியாதை மட்டும்தான் காவல்.

பதினொன்றரைக்குக் கிளம்பினோம். வெளியே வந்ததும் மாயிஸ்த்ரோ காத்திருந்தது. முன்பாயை மட்டும் விரித்து மணிக்கு ஏழு கடல் மைல் வேகத்தில் ஹிமாரா திரும்பினோம். வழி முழுக்க யாரும் அதிகம் பேசவில்லை.

ஆறாம் நாள், வியாழன். மறுபடி சரண்டா

18 மைல். காற்று நல்லது, நாள் முழுக்க வெயில். மாலையில் டாக்ஸி பிடித்து புட்ரிண்ட் போய்வந்தோம். 1992இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரம். அரங்கத்தின் தரையில் தண்ணீர் நிற்கிறது, அதில் ஆமைகள். கேட் மூடப்போகும் நேரம், ஓடி ஓடித்தான் பார்த்தோம். அரை நாளாவது வைத்துக்கொண்டு போங்கள். பக்கத்து ஏரியில் வளர்க்கும் சிப்பியை ஒரு கடையில் பூண்டு போட்டு வேகவைத்துக் கொடுத்தார்கள். மிளகுத்தூள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டோம், பிரமாதம்.

ஏழாம் நாள், வெள்ளி. கூவியா

கால்வாயின் நடுவில் கேப்டன் இன்ஜின் வேகத்தைக் குறைத்தார். கொடியை இறக்கத்தான் என்று நினைத்தேன். அவர் கடலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். வாரா வாரம் செய்வது. மாமாவின் கதையைக் கேட்டிருந்ததால் நாங்களும் அவரோடு எழுந்து நின்றோம். அப்புறம் தம்பி கொடியை இறக்கி மடித்தான்.

கூவியாவில் டீசல் நிரப்பியபோது 52 லிட்டர் பிடித்தது. ஏழு நாளைக்கு அது குறைவு, காற்றுதான் ஓட்டியிருக்கிறது. மோட்டார் கதையைச் சொன்னதும் நிறுவனத்து ஆள் பொத்தானை அழுத்திப் பார்த்தார். ஓடியது. ஹிமாரா மெக்கானிக் மாற்றிய பழைய கார்பன் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன். அதைக் கையில் கொடுத்ததும் முன்பணம் முழுசாகத் திரும்பி வந்தது.

கேப்டன் நாளை மதியப் படகில் ஊருக்குப் போகிறார். அடுத்த மாதம் ஆலிவ் பறிப்பு தொடங்குகிறது, அம்மாவால் தனியாக முடியாது. தம்பி மனைவி மீதியிருந்த ரசப்பொடியை ஒரு பாட்டிலில் போட்டு அவர் அம்மாவுக்கு என்று கொடுத்தாள். எப்படி வைப்பது என்று கேப்டன் கேட்டார். கிரேக்க எழுத்தில் அவரே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார்: தக்காளி, புளி, பூண்டு, ஒரே கொதி.